பூட்டைத் தொடுமுன் எழுத வேண்டியவை

கோயில் உண்டியல் திறக்கும் நாளில் ஒருமுறையேனும் அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இவ்வத்தியாயத்தின் சாரம் பாதி விளங்கிவிடும். நார்த்தாமலை முத்துமாரியம்மன் சந்நிதியிலாயினும் வேறெந்த ஆலயத்திலாயினும், அறநிலையத் துறை அதிகாரியின் முன்னிலையில், முத்திரை குலையாமலிருப்பதைக் காட்டி, பூட்டைத் திறந்து, பக்தர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசை எண்ணி, தொகையை ஏட்டில் எழுதி ஒப்பமிடுகிறார்கள். அதே உண்டியலின் அதே பூட்டை நள்ளிரவில் ஒருவன் திறந்தானாயின் அதன் பெயர் களவு. பூட்டில் வேற்றுமை இல்லை. திறந்தவரின் உத்தேசத்திலும், அந்த உத்தேசத்துக்கு அவர் வைத்துச் சென்ற அத்தாட்சியிலுமே வேற்றுமை இருக்கிறது.

கணிப்பொறி நிரலிலும் மின்னூலிலும் மாட்டப்பட்டுள்ள நகல் பூட்டுகளைப் பற்றி நமது பதிப்புரிமைச் சட்டம் கொண்டுள்ள கருத்தும் ஏறக்குறைய இதுவே. ஆகையால், பூட்டைத் திறக்கும் கருவிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் இராது. திறக்குமுன், திறக்கும்போது, திறந்தபின் நீங்கள் எழுதிவைக்க வேண்டியவற்றைப் பற்றியே இந்த அத்தியாயம் பேசும்.

இரண்டு சொற்கள்

*நகல் பூட்டு:* ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவோ உரிமமின்றிப் பயன்படுத்தவோ இயலாதபடி அதை வெளியிட்டவர் வைத்த தடை. கணிப்பொறியின் பின்புறம் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் மாட்டும் டாங்கிள், சீரியல் எண், மின்னூலின் கடவுச்சொல், குறுந்தகட்டின் மறையீடு ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. சட்டம் இதனைத் தொழில்நுட்பத் தடுப்பு என்ற பொருளில் குறிப்பிடுகிறது.

*ரிவர்ஸ் எஞ்சினியரிங்:* முடிந்த பொருளைக் கையில் எடுத்து, அது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பின்னோக்கிச் சென்று அறிதல். பழைய கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கும் கைத்தொழிலாளி செய்வதும் இதுதான்.

சட்டம்: வேண்டிய அளவு மட்டும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே 65ஏ என்னும் பிரிவு நுழைந்தது. அது அவ்வாண்டு ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. அப்பிரிவின்படி ஒருவர் குற்றவாளியாவதற்கு மூன்று அம்சங்கள் சேர வேண்டும்:

1. தடுப்பு, பயன்தரத்தக்க தொழில்நுட்பத் தடுப்பாக இருத்தல் வேண்டும்.
2. இச்சட்டம் வழங்கும் ஓர் உரிமையைக் காப்பதற்காகவே அது மாட்டப்பட்டிருக்க வேண்டும்.
3. அவ்வுரிமையை மீறும் உத்தேசத்துடனேயே அவர் அதைத் தாண்டியிருக்க வேண்டும்.

மூன்றும் சேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறையும், அதனோடு அபராதமும் உண்டு. மூன்றாவது அம்சத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். நமது சட்டத்தின் ஜீவநாடி அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம், அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத் தலைவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கும் விலக்குகளும் வேறு சில விலக்குகளும் நீங்கலாக, பூட்டைத் தாண்டுவதையே தவறாகக் கொண்டு, தாண்டும் கருவியை விற்பதையும் தடுக்கிறது. நமது 65ஏ பிரிவோ கருவியைப் பற்றித் தனியே ஒன்றும் சொல்லாமல், மனத்தின் நோக்கத்தையே கேட்கிறது.

இனி 52(1)-ஆம் பிரிவு, மீறல் ஆகாது என்று விலக்கிவைத்திருக்கும் செயல்களுள் நமக்கு வேண்டியவை ஐந்து:

- *ஏஏ உட்கூறு:* நிரலை முறையாகப் பெற்றவர், அது எதற்காக வழங்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தவும், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்பு நகலாக வைத்துக்கொள்ளவும் பிரதி அல்லது தழுவல் செய்தல்.
- *ஏபி உட்கூறு:* தனித்து உருவாக்கிய வேறொரு நிரல் இதனோடு இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவலைப் பெறுதல்; ஆனால் அத்தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக்கூடாது.
- *ஏசி உட்கூறு:* நிரலை அதற்குரிய வேலையில் ஓடவிட்டபடியே அதன் அடிப்படைக் கருத்துகளையும் தத்துவங்களையும் கவனித்தும் சோதித்தும் அறிதல்.
- *ஏடி உட்கூறு:* நிரலை முறையாகப் பெற்றவர், வியாபார நோக்கமின்றித் தம் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுத்தல்.
- *இசட்பி உட்கூறு:* மாற்றுத்திறனாளிகள் வாசிக்கத்தக்க வடிவத்தில் ஒரு படைப்பை இலாபமின்றி ஆக்கித் தருதல்.

குறிப்பு: கடைசியாகச் சொன்ன விஷயத்தில் நமது நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. பார்வைக் குறையுடையோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்தது இந்தியாவே.

நமது எடுத்துக்காட்டு

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஓர் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருங்குறி பரவுவதற்கு முன்னால், ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு தமிழ் எழுத்துக் குறியீட்டை வைத்திருந்த காலத்தில், அவ்வச்சகத்தார் ஒரு டி.டி.பி. நிரலையும் அதன் டாங்கிளையும் விலை கொடுத்து வாங்கி, பல ஆண்டுகளாக எத்தனையோ நூல்களை அதில் அச்சுக்கோத்தார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொட்டு அரசு டேப், டேம் குறியீடுகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் ஏற்றது. நம் அச்சகத்தின் பழைய கோப்புகளோ, எந்தக் குறியீட்டுக்கும் ஒத்துவராமல், அந்த ஒரே நிரலில் மட்டும் வாசிக்கத்தக்கனவாகத் தேங்கி நின்றன. இப்போது டாங்கிள் பழுதாகிவிட்டது. தயாரித்த கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. நூல்களின் உரிமை ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் உரியது, பூட்டோ கம்பெனியுடையது. தமது கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற அவர் என்ன செய்யலாம்?

வரிசை: ஒன்பது படிகள்

1. பூட்டைத் திறக்காமல் வேலை முடியுமா என்று பாருங்கள். பல பழைய எழுத்துருக்களுக்கு மாற்றி நிரல்கள் ஏற்கெனவே உள்ளன. கம்பெனிக்கு, அல்லது அதன் உரிமையை வாங்கியவருக்கு, சேர்ப்பித்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் ஒரு கடிதம் எழுதி, மாற்று டாங்கிளோ குறியீட்டுப் பட்டியலோ தருமாறு கேளுங்கள். 30 நாள் அவகாசம் கொடுங்கள். தகவல் எளிதாகக் கிடைக்கவில்லை என்று ஏபி உட்கூறு கேட்கும் நிபந்தனைக்கு, பதில் வராத அந்தக் கடிதமே உங்கள் முதல் சாட்சி.

2. முறையாகப் பெற்றவர் என்பதை நிறுவுங்கள். ரசீது, லைசென்ஸ் தாள், மூலத் தட்டு, பழுதான டாங்கிள் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். பழுதாயிற்றே என்று டாங்கிளை எறிந்துவிடாதீர்கள். நிரல் உங்களுக்கு உரியதென்று கூறும் பொருட்சான்று அதுவே.

3. நோக்கக் குறிப்பு எழுதுங்கள். பக்க எண்ணிட்ட, தைத்த நோட்டு ஒன்றில், எந்த நிரல், எந்தக் கோப்புகள், எதற்காக, எந்த உட்கூற்றின் கீழ் என்பனவற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, தேதியிட்டு ஒப்பமிட்டு, இருவரைச் சாட்சியாக ஒப்பமிடச் செய்யுங்கள். நம் அச்சகத்தார் எழுதுவது இவ்வாறு இருக்கலாம்: "இந்நிரலில் எங்கள் அச்சகம் கோத்த நூல்களின் எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் தனி நிரல் ஒன்றை எழுதும் பொருட்டு, எழுத்துக் குறியீட்டின் அமைப்பை மட்டும் அறிய முற்படுகிறோம், நிரலைப் பிரதி செய்து பிறருக்கு வழங்கும் எண்ணம் இல்லை."

4. லைசென்ஸ் ஒப்பந்தத்தை வாசியுங்கள். ரிவர்ஸ் எஞ்சினியரிங் கூடாது என்ற வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும். 52-ஆம் பிரிவு ஒரு செயலைப் பதிப்புரிமை மீறல் அன்று என்று சொல்கிறதே தவிர, அதற்கு மாறான ஒப்பந்த வாசகம் செல்லாது என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆகவே குற்ற வழக்கிலிருந்து காக்கும் உட்கூறு, ஒப்பந்தத்தை முறித்ததாக எழும் உரிமையியல் வழக்கிலிருந்தும் காக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. வாசகம் கடுமையாக இருந்தால் வழக்கறிஞரைக் காணாமல் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

5. தனிக் கணிப்பொறியில், நகலின் மேல் வேலை செய்யுங்கள். பழைய வன்தட்டை முதலில் முழுமையாகப் பிரதி எடுத்து, மூலத்தைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வேலை நடக்கும் கணிப்பொறியை இணையத்தோடு இணைக்காதீர்கள். பிரிண்டர் துளையிலுள்ள டாங்கிளை, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கழற்றவும் மாட்டவும் வேண்டும். இயங்கும்போது பிடுங்கியதால் கெட்டுப்போன துளைகள் பல.

6. கவனிப்பில் தொடங்குங்கள், வேண்டிய இடத்தில் நில்லுங்கள். ஒரு கோப்பில் 'அ' என்று மட்டும் தட்டிச் சேமித்து, சேமித்த கோப்பில் எந்த எண் பதிந்தது என்று பார்ப்பது ஏசி உட்கூற்றின் வரம்புக்குள் நிற்கும் எளிய கவனிப்பு. இயங்கும் டாங்கிளை உடைய நண்பர் எவரேனும் இருந்தால், அவர் இடத்திலேயே அவர் லைசென்ஸில் இதைச் செய்துகொண்டு, பூட்டைத் தொடாமலேயே வேலையை முடித்துவிடலாம். இவ்வழிகள் அடைபட்ட பின்பே பூட்டைத் தாண்டும் எண்ணம் எழலாம். அப்பொழுதும், நிரலை அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்தவே தழுவல் செய்தேன் என்பது ஏஏ உட்கூற்றின் கீழ் வலுவான வாதம். ஆயினும் அது வாதமே, முன்கூட்டிக் கிடைத்த அனுமதி அன்று.

7. நாட்குறிப்பு வையுங்கள். தொடங்கிய நேரம், செய்தது, கண்டது, நிறுத்திய நேரம் என்ற நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். தோல்வியுற்ற முயற்சியையும் எழுதுங்கள். வெற்றி மட்டும் நிறைந்த நோட்டைப் பார்ப்பவர் பின்னால் எழுதியதோ என்று சந்தேகிப்பார்.

8. அறிந்தவரையும் எழுதுபவரையும் பிரியுங்கள். பழைய நிரலைப் பார்த்தவர், தாம் கண்ட குறியீட்டு அமைப்பை மட்டும் சாதாரணத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய நிரலைக் கண்ணாலும் காணாத வேறொருவர் புதிய மாற்றி நிரலை எழுத வேண்டும். தனித்து உருவாக்கிய நிரல் என்று சட்டம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி இல்லை.

9. முடிந்ததும் மூடுங்கள். கோப்புகள் மாறியவுடன், தழுவல் செய்த நிரல்பிரதியை அழித்து, அழித்த தேதியை நோட்டில் எழுதி, மீண்டும் சாட்சி ஒப்பம் வாங்குங்கள். பழைய எழுத்துருக் கோப்பு கம்பெனியின் சொத்து. அதைப் புதிய நிரலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பிறருக்கு உதவும்போது

உங்கள் திறமையைக் கேள்வியுற்று, அறந்தாங்கியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் வேறு அச்சகத்தார் வந்து நிற்பார்கள். இங்கே 65ஏ பிரிவு ஒரு தனிக் கட்டளை இடுகிறது: சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகப் பிறர் பூட்டைத் தாண்ட உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, அடையாளம் காண வேண்டிய பிற விவரங்கள், உதவியின் நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு பதிவேடு தொடங்கி, இந்த ஏழு பத்திகளை வரையுங்கள்:

1. தேதி
2. பெயர்
3. முகவரியும் அடையாள ஆவணமும்
4. நிரல் அல்லது படைப்பின் பெயர்
5. முறையாகப் பெற்றதற்கு அவர் காட்டிய சான்று
6. நோக்கம், அவர் கைப்பட
7. ஒப்பம்

ஐந்தாம் பத்தி காலியாக இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நட்புக்காகச் செய்தேன் என்ற சொல் பதிவேட்டுக்கு ஈடாகாது.

காலம் கடந்த நூல்களின் மேல் பூட்டு

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுப் பாடங்களின் தொகுப்பைப் போன்ற பழைய நூலொன்றை ஒருவர் படமெடுத்துக் கடவுச்சொல் இட்டு விற்கிறார் என்று கொள்வோம். அப்பாடத்தின் பதிப்புரிமைக் காலம் கடந்துபோயிற்று. காக்க வேண்டிய உரிமையே இல்லாத இடத்தில் 65ஏ கேட்கும் இரண்டாம் அம்சம் நிற்காது. ஆயினும் அதே கோப்பில் இன்றைய ஒருவரின் முன்னுரையும் குறிப்புகளும் இருந்தால், அவற்றின் மேல் அவருக்கு உரிமை உண்டு. பாடத்தை மட்டும் எடுங்கள்.

காலத்தைக் கணக்கிடும் முறை எளிது. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகளை எண்ண வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1968-இல் மறைந்தார். ஆகவே அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகளின் உரிமை 2028 முடியும் வரை நீடிக்கும். பழைய புத்தகம் போல் தோன்றுகிறதே என்று கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

- *"காசு கொடுத்து வாங்கினேன், எதுவும் செய்யலாம்."* நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம், நிரலின் பதிப்புரிமை அன்று.
- *"கம்பெனி மூடிப்போயிற்று."* கம்பெனி மறைந்தாலும் உரிமை மறையாது, வாங்கியவரிடமோ கடன் கொடுத்தவரிடமோ அது இருக்கும்.
- *"இணையத்தில் கிராக் கிடைக்கிறதே."* மீறல் பிரதியென்று அறிந்தே நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின் கீழ் 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. கிராக்கோடு கூடவே வைரஸும் வந்து சேரும்.
- *"இலவசமாகத்தானே கொடுக்கிறேன்."* இலாபமின்மை தண்டனையைக் குறைக்கக்கூடுமே தவிர, குற்றத்தை இல்லாததாக்காது.
- *பின்தேதியிட்ட குறிப்பு.* குறிப்பே இல்லாமலிருப்பதைவிடப் பொய்த்தேதி இட்ட குறிப்பு கேடு விளைவிக்கும். உண்மையான பக்கங்களையும் அது நம்பத்தகாதனவாக்கிவிடும்.
- *பிறர் கணிப்பொறியில் சோதனை.* பாதுகாப்பைச் சோதிக்க 65ஏ இடம் தருகிறது. உடைமையாளரின் அனுமதி இருந்தால் மட்டுமே. அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு நஷ்டஈடு கேட்கும். நேர்மையற்ற எண்ணமும் சேர்ந்தால் 66-ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கும்.

ஒரு வழக்கின் படிப்பினை

ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தன் சேவைக்கெனப் பூட்டிக் கொடுத்த கைப்பேசிகளின் மின்னணு வரிசை எண்ணை மாற்றி, டாடா இண்டிகாம் சேவையில் அவற்றை இயங்கச் செய்ததாக எழுந்த வழக்கில், ஆந்திர உயர் நீதிமன்றம் 2005-இல் கைப்பேசியும் கணிப்பொறியே என்று கொண்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின் கீழான நடவடிக்கையை ரத்துச் செய்ய மறுத்தது. அதன்பின் அச்சட்டத்தின் 81-ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்ந்தது: பதிப்புரிமைச் சட்டமும் காப்புரிமைச் சட்டமும் ஒருவருக்கு வழங்கிய உரிமையைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தடுக்காது. உங்கள் நோக்கக் குறிப்பில் 52(1)-ஆம் பிரிவின் உட்கூற்றைப் பெயர் சொல்லி எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லை கடந்து விற்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. மின்னூல் பூட்டை நீக்கும் நிரலை எழுதிய ரஷ்யரான திமித்ரி ஸ்க்லியாரோவ், 2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் ஒரு மாநாட்டில் உரையாற்றிவிட்டுத் திரும்பும் வேளையில் கைதானார். அவருடைய கம்பெனியான எல்காம்சாஃப்டை அமெரிக்க நடுவர் குழு 2002 டிசம்பரில் குற்றமற்றதென விடுவித்தது. ஆயினும் கைதும் காவலும் நடந்தே முடிந்திருந்தன. புதுக்கோட்டையில் எழுதிய நிரலை அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்பவர் அந்நாட்டுச் சட்டத்தையும் படித்தாக வேண்டும்.

போலீஸார் வந்தால்

1. பதறி எதையும் அழிக்காதீர்கள். அழித்தல் தானாகவே ஒரு குற்றச்சாட்டாகிவிடும்.
2. பதிப்புரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, மீறல் பிரதிகளை சப்-இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவரும் வாரண்ட் இன்றிக் கைப்பற்றலாம். எடுத்தவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.
3. உங்கள் நோட்டின் நகலைக் கொடுங்கள். அதைக் கைப்பற்றினால், பட்டியலில் அது இடம்பெறுவதை உறுதி செய்துகொள்ளுங்கள்.
4. பதிப்புரிமை மீறலைத் தண்டிக்கும் 63-ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனில் விடத்தக்கதன்று என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்மானித்திருப்பதால், அன்றே வழக்கறிஞரை அழையுங்கள். வசதியற்றவர்கள் புதுக்கோட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும் உண்டு.
5. கைப்பற்றிய பொருளைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் 15 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மேலே செல்ல வேண்டியிருந்தால், நம் மாவட்டத்துக்குரிய உயர் நீதிமன்றம் மதுரைக் கிளையாகும்.

தொடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

- முறையாகப் பெற்றேன் என்பதற்குத் தாள் உண்டா?
- கடிதம் எழுதி அவகாசம் கொடுத்தேனா?
- நோக்கமும் உட்கூறும் சாட்சிகளின் ஒப்பத்தோடு எழுதப்பட்டனவா?
- ஒப்பந்தத்தை வாசித்தேனா?
- எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே தெரியுமா?

இவ்வைந்துக்கும் ஆம் என்ற பின், ஆறாவதாக ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நோட்டை நாளைக்கே ஒரு நீதிபதியின் கையில் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டா? உண்டென்று மனம் சொன்னால், டாங்கிளை உறையில் வைத்து மூடிவிட்டு முதற்படிக்குத் திரும்புங்கள்.